கேப்டன் பார்த்துத் தலையாட்ட வேண்டும்: நியூ பெட்ஃபோர்டின் கடல் ஓவியங்கள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அகுஷ்நெட் ஆறு கடலோடு சேரும் இடத்தில் இருக்கிறது நியூ பெட்ஃபோர்ட். 1857-ல் இந்த ஊர்க் கணக்கில் மட்டும் 329 திமிங்கில வேட்டைக் கப்பல்கள் இருந்தன. அவற்றில் பத்தாயிரம் பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். மண்ணெண்ணெய் வருவதற்கு முந்தைய காலம் அது. வீட்டு விளக்கு, கலங்கரை விளக்கு, ஆலையில் சுழலும் கதிர்களுக்கு விடும் எண்ணெய், புகையாமல் எரியும் உயர்ந்த ரக மெழுகுவர்த்தி, குடைக்கம்பி, சீமாட்டிகளின் இடுப்புக்கச்சைக்குள் வைக்கும் வளையும் தகடு என்று எத்தனையோ பொருள்களுக்குத் திமிங்கிலத்தின் உடம்புதான் மூலம். ஊரின் முத்திரையிலேயே 'ஒளி பரப்புகிறேன்' என்று லத்தீனில் பொறித்துக்கொண்டார்கள். கொஞ்சம் பெருமைதான், ஆனால் பொய்யில்லை.

பணம் புழங்கிய இடத்துக்குப் படம் வரைகிறவர்களும் வந்து சேர்ந்தார்கள். சுவரில் மாட்டும் எண்ணெய் வண்ணப் படங்கள், கல் அச்சுப் படங்கள், துணிச்சுருளில் தீட்டிய ராட்சதக் காட்சிகள், கப்பல் பதிவேட்டின் ஓரத்தில் குத்திய முத்திரைகள், திமிங்கிலப் பல்லில் கீறிய சித்திரங்கள் என்று ஏராளமாக மிஞ்சியிருக்கின்றன. இவற்றில் பெரும்பகுதியை அந்த ஊர்த் திமிங்கில வேட்டை அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. அழகா இல்லையா என்று கேட்டுக்கொண்டு பார்த்தால் பாதிப் படங்கள் சலித்துவிடும். ஒரே கடல், ஒரே வானம், ஒரே மாதிரி கப்பல். வேறொரு கேள்வியோடு பார்த்தால் கதை மாறும்: இதைக் காசு கொடுத்து வாங்கியவருக்கு என்ன தெரியும்? அவருக்குத் தெரிந்த விஷயத்தில் ஓவியர் தப்புப் பண்ண முடியாது. தெரியாத விஷயத்தில் கை போன போக்கில் போகலாம். இந்தத் துறைமுகத்தின் படங்களில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதை இந்த ஒரு விஷயம் பெரும்பாலும் தீர்த்துவைக்கிறது.

முதலில் ஊரைப் பற்றிச் சுருக்கமாக. வேட்டைத் தொழிலில் முதலில் கொடி கட்டிப் பறந்தது நான்டக்கெட் என்ற தீவு. அங்கிருந்து ஜோசப் ராட்ச் என்ற வணிகர் 1765-ல் இங்கே தொழிலைக் கொண்டுவந்தார். இந்த ஊரில் கட்டிய முதல் கப்பலான 'டார்ட்மத்', 1773-ல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்களே, அந்தக் கப்பல்களில் ஒன்று. 1778-ல் ஆங்கிலேயப் படை வந்து துறையைக் கொளுத்திவிட்டுப் போனது. மறுபடி எழுந்தார்கள். வேட்டை பசிபிக்கின் மறுகோடி வரை நீண்டபோது கப்பல்கள் பெருத்தன. நான்டக்கெட் துறையின் வாயில் இருந்த மணல் திட்டு அந்தப் பெரிய கப்பல்களை உள்ளே விடவில்லை. ஆழமான துறை இருந்த நியூ பெட்ஃபோர்டுக்கு அது யோகம். 1820-களில் முந்திக்கொண்டது, 1840-ல் ரயிலும் வந்துவிட்டது.

முதலாளிகள் பலர் க்வேக்கர் சமயத்தார். படாடோபம் கூடாது, உடையில் பகட்டு வண்ணம் கூடாது என்று வாழ்ந்தவர்கள். தன் முகத்தைப் பெரிதாக வரைந்து மாட்டுவது அவர்களுக்குக் கூச்சமான காரியம். கப்பலை வரைந்து மாட்டுவதில் அந்தக் கூச்சம் இல்லை.

புது லாரி வாங்கியவர் அதற்கு மாலை போட்டு, நம்பர் பலகை தெரிய நிறுத்தி, போட்டோ எடுத்து முன்கூடத்தில் மாட்டுவாரே, கப்பல் உருவப்படம் அதே வகை. கப்பல் எப்போதும் பக்கவாட்டில் முழு நீளத்துக்கும் தெரியும். பாய்கள் விரிந்திருக்கும். முதலாளியின் கொடி ஒரு மரத்திலும், பெயர் எழுதிய நீளக் கொடி இன்னொரு மரத்திலும் பறக்கும். சில படங்களில் ஒரே கப்பலை இரண்டு மூன்று நிலைகளில் ஒரே சட்டத்துக்குள் காட்டுவார்கள். கப்பல் மிதக்கும் தண்ணீர் மட்டும் வரிசையாகச் சீவிவிட்ட அலைகளாக இருக்கும். வானம் ஏதோ ஒரு வானம். அலையைப் பற்றி வாங்குபவர் குறை சொல்லப் போவதில்லையே!

கயிற்றைப் பற்றிக் குறை சொல்வார். ஒரு கப்பலை ஒருவரே முழுதாக வைத்திருப்பது அபூர்வம். 16-ல் ஒன்று, 32-ல் ஒன்று, 64-ல் ஒன்று என்று பங்கு பிரித்து வைத்திருப்பார்கள். கேப்டன், பாய் தைப்பவர், பீப்பாய் செய்பவர், இரும்புக் கொல்லர் என்று கப்பலோடு பிழைக்கிற ஆள்களே சில சமயம் பங்குதாரர்கள். படத்தை மாட்டினால் பார்க்க வருகிறவர்களும் இதே கூட்டம்தான். எந்தக் கயிறு எந்தக் கட்டையிலிருந்து எங்கே இறங்குகிறது என்பதை ஒரு ஓவியர் மாற்றிப் போட்டால் கூடத்தில் சிரிப்பு கிளம்பும், ஓவியருக்கு அடுத்த வேலை வராது. இதனால்தான் மனித முகத்தைச் சரியாக வரையத் தெரியாத ஆள்கூட இருபது முப்பது கயிறுகளை மயிரிழை பிசகாமல் வரைந்திருக்கிறார்.

வேட்டைக் கப்பலை மற்றச் சரக்குக் கப்பலிலிருந்து படத்தில் எப்படிப் பிரித்தறிவது? முதல் அடையாளம், பக்கவாட்டில் தொங்கும் வேட்டைப் படகுகள். இடப்புறம் மூன்று தொங்கும். வலப்புறம் பின்பகுதியில் ஒன்று மட்டும். இதற்குக் காரணம் உண்டு. பிடித்த திமிங்கிலத்தைக் கட்டி அறுக்கும் பக்கம் வலப்புறம். அந்த இடத்தில் படகு தொங்கினால் வேலை நடக்காது. திமிங்கிலத்தின் வாலைச் சங்கிலியால் கப்பலின் முன்பக்கம் பார்த்துக் கட்டுவார்கள், தலை பின்பக்கம் கிடக்கும். அதற்கு மேலே பலகை கட்டி நின்றுகொண்டு, நீளக் கைப்பிடி போட்ட மண்வெட்டி போன்ற கத்திகளால் கொழுப்பைப் பட்டையாகச் சீவி எடுப்பார்கள். ஒரு படத்தில் இடப்புறம் திமிங்கிலத்தைக் கட்டி அறுப்பதாகக் காட்டியிருந்தால், ஒன்று அந்த ஓவியர் கப்பல் ஏறாதவர், அல்லது அச்சுக்குப் போகும்போது படம் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பிவிட்டது.

இரண்டாவது அடையாளம் புகை. முன் பாய்மரத்துக்குப் பின்னால், மேல்தளத்திலேயே செங்கல்லால் அடுப்புக் கட்டி, பெரிய இரும்புக் கொப்பரைகளை வைத்திருப்பார்கள். மரக்கப்பலில் தீ! தளம் கருகாமலிருக்க அடுப்புக்கு அடியில் தண்ணீர் நிரப்பிய தொட்டி இருக்கும். முதல் தீ மூட்டத்தான் விறகு. அப்புறம் எண்ணெய் வடிந்து வறண்ட கொழுப்புச் சக்கையே எரிபொருள். அதனால் புகை கரேலென்று இருக்கும், நாற்றமும் பல மைலுக்கு அடிக்கும் என்பார்கள். படங்களில் இந்தப் புகையை ஒளித்து வைப்பதே இல்லை. தாராளமாகச் சுருள் சுருளாக விடுகிறார்கள். ஏன் என்றால் வாங்குகிற முதலாளிக்குப் புகை என்றால் பீப்பாய் நிரம்புகிறது என்று அர்த்தம். நாற்றம் படத்தில் வராது.

மூன்றாவது, திமிங்கிலம் விடும் மூச்சு. ஸ்பெர்ம் திமிங்கிலத்துக்கு மூச்சுத்துளை தலையின் முன்கோடியில் இடப்பக்கமாக இருக்கிறது. அதனால் அதன் மூச்சு முன்னோக்கி, இடப்பக்கம் சாய்ந்து, ஒற்றையாகப் புதர்போல வரும். ரைட் திமிங்கிலத்துக்கு இரண்டு துளை, ஆங்கில எழுத்து 'வி' மாதிரி இரண்டாகப் பிரிந்து வரும். பாய்மர உச்சியில் நிற்கும் காவல்காரன் இதை வைத்துத்தான் எந்த இனம், எவ்வளவு பணம் என்று தூரத்திலிருந்தே சொல்வான். வேட்டைக்காரர்கள் வாங்கும் படங்களில் இது பெரும்பாலும் சரியாக இருக்கும். ஐரோப்பிய நகரங்களில் படிப்பாளிகளுக்காக அச்சிட்ட பல விலங்கியல் படங்களில் திமிங்கிலம் செங்குத்தாக நீரைப் பீய்ச்சுகிறது. இதைச் சரிபார்க்கிற ஆள் அந்த வாசகர் கூட்டத்தில் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அடுத்த முறை இப்படி ஒரு படம் கண்ணில் பட்டால் எண்ணிப் பாருங்கள். வேட்டைப் படகில் ஆறு பேர். ஐந்து துடுப்பு, ஆறாவது ஆள் பின்னால் நின்று திசை பிடிக்கும் மேட், அதாவது கேப்டனுக்குக் கீழுள்ள அதிகாரி. ஐந்து துடுப்பில் மூன்று வலப்புறம், இரண்டு இடப்புறம். முன்னால் உட்கார்ந்து துடுப்புப் போடுகிறவர்தான் ஈட்டி எறிபவர். எழுந்து நின்று எறிந்த பிறகு, அலையும் கயிறும் ஆளை இழுக்கிற அந்த நேரத்தில், அவர் பின்னால் போவார், மேட் முன்னால் வருவார். கொல்லும் நீண்ட வேலைப் பாய்ச்சுவது மேட்டின் உரிமை. ஆக, ஆள் நின்று ஈட்டியை ஓங்கும் படத்தில் துடுப்புப் போடுகிறவர்கள் நாலு பேர்தான் இருக்க வேண்டும். நல்ல படங்களில் நாலுதான் இருக்கும்.

படம் வரையத் தெரியாத ஆளும் படம் போட்ட இடம் ஒன்று உண்டு: கப்பலின் தினசரிப் பதிவேடு. காற்று, திசை, இடம், நடந்த சம்பவம் என்று எழுதும் அந்த நோட்டின் ஓரத்தில், மரத்தில் செதுக்கிய சின்ன முத்திரையை மையில் தோய்த்துக் குத்துவார்கள். முழுத் திமிங்கில உருவம் என்றால் பிடித்தாயிற்று. அதன் வயிற்றில் வெள்ளையாக ஒரு இடம் விட்டிருக்கும், அதில் எத்தனை பீப்பாய் எண்ணெய் என்று எழுதுவார்கள். நீருக்குள் போகும் வால் மட்டும் குத்தியிருந்தால் தப்பிவிட்டது. கப்பல் மூன்று நாலு வருடம் கழித்துத் திரும்பியதும் முதலாளி பக்கத்தைப் புரட்டினால் போதும், எழுத்தைப் படிக்க வேண்டியதில்லை. எத்தனை உடம்பு, எத்தனை வால். என்னைக் கேட்டால் இந்தத் துறைமுகம் உருவாக்கிய படங்களிலேயே மிக நேர்மையானவை இந்தக் கட்டைவிரல் அளவு முத்திரைகள்தான். அருங்காட்சியகத்தில் 2,000-க்கு மேற்பட்ட பதிவேடுகள் இருக்கின்றன. அவற்றில் எழுதியிருக்கும் காற்று, பனிக்கட்டி விவரங்களை இன்றைய வானிலை ஆய்வாளர்கள் பழைய ஆர்க்டிக்கை மீட்டெடுக்கப் பயன்படுத்துகிறார்கள். சுவரில் மாட்டிய படங்களின் வானத்தை வைத்து அப்படி எதுவும் செய்ய முடியாது.

படங்களுக்குள்ளே படம் பார்த்துப் போட்ட படமும் நிறைய. பிரான்சின் லூயி கார்னரே என்பவர் 1830-களில் வெளியிட்ட இரண்டு திமிங்கில வேட்டை அச்சுப்படங்கள் கப்பல்களில் பரவலாகப் புழங்கின. இந்தக் கார்னரே சுவாரசியமான ஆசாமி. ஓவியரின் மகன், பதின்மூன்று வயதில் கடலுக்குப் போனவர். சுர்கூஃப் என்ற பிரெஞ்சுக் கடற்கொள்ளைத் தளபதியின் கப்பலில் இருந்து, 1800-ல் வங்காள விரிகுடாவில் 'கென்ட்' என்ற ஆங்கில வணிகக் கப்பலைப் பிடித்த சண்டையில் கலந்துகொண்டவர். பிற்பாடு ஆங்கிலேயரிடம் மாட்டி, போர்ட்ஸ்மத்தில் பழைய கப்பல்களையே சிறையாக்கி வைத்திருந்த இடத்தில் 1814 வரை அடைபட்டுக் கிடந்தார். அங்கேயே வரையவும் செய்தார். 1841 ஜனவரியில் இதே அகுஷ்நெட் ஆற்றுத் துறையிலிருந்து வேட்டைக் கப்பல் ஏறிப் போன ஹெர்மன் மெல்வில், பத்து வருடம் கழித்துத் தன் 'மோபி டிக்' நாவலில் திமிங்கிலப் படங்கள் பலவற்றை விளாசித் தள்ளிவிட்டு, வேட்டைக் காட்சிகளில் இந்தக் கார்னரேயை எல்லாருக்கும் மேலாகப் புகழ்கிறார். ஒன்று இவருக்கே தொழில் தெரியும், இல்லையென்றால் தெரிந்த ஒருவர் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும் என்பது அவர் ஊகம். மாலுமிகளின் தீர்ப்பும் அதுவே. ஓய்வு நேரத்தில் திமிங்கிலப் பல்லில் ஊசியால் கீறி, புகைக்கரியைத் தேய்த்து அவர்கள் செய்த சித்திரங்களில் கார்னரேயின் காட்சிகள் அடிக்கடி வருகின்றன. நிஜத் திமிங்கிலத்தை நேருக்கு நேர் பார்த்த ஆள்கள், தாள் படத்தைப் பார்த்துப் பல்லில் கீறினார்கள்.

அடுத்து பெஞ்சமின் ரஸ்ஸல். இவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1804-ல் நியூ பெட்ஃபோர்டில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். 1830-களின் நிதி நெருக்கடியில் எல்லாம் போயிற்று. ஏறக்குறைய முப்பத்தேழு வயதில், குடும்பத்தை விட்டுவிட்டு, 1841-ல் 'குட்டுசாஃப்' என்ற வேட்டைக் கப்பலில் ஏறினார். வழக்கமாக இருபது வயதுப் பையன்கள் ஏறும் இடம் அது. கப்பலில் மாதச் சம்பளம் கிடையாது, லாபத்தில் பங்குதான். புது ஆளுக்கு 150-ல் ஒரு பங்கு, 200-ல் ஒரு பங்கு என்ற கணக்கில் கிடைக்கும். அதிலிருந்தும் கப்பல் கடையில் வாங்கிய சட்டை, புகையிலைக்குப் பிடித்துக்கொள்வார்கள். 1845-ல் திரும்பி வந்தபோது அவர் கையில் பெரிய பணம் ஒன்றும் இல்லை, பார்த்த கரைகளும் கப்பல்களும் மட்டும் மனதிலும் தாளிலும் இருந்தன.

அப்போது அமெரிக்காவில் 'நகரும் காட்சி' மோகம். நீளத் துணியில் காட்சிகளைத் தொடர்ச்சியாக வரைந்து, இரண்டு உருளைகளுக்கு நடுவே சுற்றிச் சுற்றி நகர்த்துவார்கள். பக்கத்தில் ஒருவர் நின்று விளக்கம் சொல்வார். டிக்கெட் வாங்கிக் கூட்டம் உட்கார்ந்து பார்க்கும். ஜான் பேன்வார்ட் என்பவர் மிசிசிப்பி ஆற்றை 1846-ல் இப்படி வரைந்து மூன்று மைல் நீளம் என்று விளம்பரம் செய்து நன்றாகச் சம்பாதித்தார். (மூன்று மைல் எல்லாம் இல்லை.) ரஸ்ஸலுக்கு யோசனை பிறந்தது. பக்கத்து ஊரான ஃபேர்ஹேவனில் வீட்டுக்கும் பலகைக்கும் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த கேலப் பரிங்டனைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். 1848-ல் இருவரும் சாதாரணப் பருத்தித் துணியில், பசை கலந்த நீர் வண்ணத்தில், உலகத்தைச் சுற்றும் ஒரு திமிங்கில வேட்டைப் பயணத்தை வரைந்து முடித்தார்கள். உயரம் எட்டரை அடி. இன்று மிஞ்சியிருக்கும் நீளம் 1,275 அடி, அதாவது கிட்டத்தட்ட 390 மீட்டர்.

நியூ பெட்ஃபோர்ட் துறையில் கிளம்பும் காட்சி, அசோர்ஸ் தீவுகள், கேப் வெர்டேயின் ஃபோகோ எரிமலை, ரியோ டி ஜெனிரோ, பசிபிக் தீவுகள், நடுவே வேட்டை என்று ஓடுகிறது. கலை விமர்சகர் கண்ணோடு பார்த்தால் மலைகள் தட்டையானவை, மரங்கள் அச்சடித்தவை. ஆனால் கப்பல்களையும் படகுகளையும் பாருங்கள். எந்தப் படகு முன்னால் நிற்கிறது, எந்தக் கயிறு இழுபடுகிறது, எந்தக் கப்பல் பாயைச் சுருட்டிக் காத்திருக்கிறது என்று ஒவ்வொன்றும் தொழில் தெரிந்தவர் கையில் வந்தது. பாஸ்டன், சின்சினாட்டி, செயின்ட் லூயிஸ் வரை சுருளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உள்நாட்டுக் கூட்டத்துக்குக் கடலே தெரியாது, எதைக் காட்டியிருந்தாலும் கைதட்டியிருக்கும். அதற்கு முன்னால் சொந்த ஊரில் காட்ட வேண்டியிருந்தது என்பதுதான் விஷயம். மூன்று நாலு தடவை தென் அமெரிக்காவின் தென்கோடியான ஹார்ன் முனையைச் சுற்றி வந்த ஆள்கள் காசு கொடுத்து உட்கார்ந்திருக்கும் அரங்கில் கப்பலைத் தப்பாக வரைந்துவிட்டு ரஸ்ஸலால் தெருவில் நடக்க முடியுமா?

நீர் வண்ணம் துணியைச் சுற்றச் சுற்ற உதிரும். நூறு ஆண்டுக்கு முன்பே அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்ட அந்தச் சுருளைப் பல வருடம் பாடுபட்டுப் பழுதுபார்த்து, 2018-ல் முழு நீளத்துக்கும் விரித்துக் காட்டினார்கள். அருங்காட்சியகத்தில் அவ்வளவு சுவர் இல்லை. ஊரிலிருந்த கில்பர்ன் மில் என்ற பழைய நூற்பாலைக் கட்டடத்தில்தான் இடம் கிடைத்தது. திமிங்கிலம் போன பிறகு இந்த ஊருக்குச் சோறு போட்டது பஞ்சாலைகள்தான்.

இதே ஊரின் இன்னொரு ஓவியர் வில்லியம் ஆலன் வால். 1801-ல் பிறந்தவர், க்வேக்கர் குடும்பம், ஐரோப்பா போய்ப் படித்து வந்தவர். இவருக்குக் கிடைத்த வாடிக்கையாளர்கள் வேறு வகை: பணம் பெருகிவிட்ட பிறகு தங்கள் தாத்தா காலத்தைப் பார்க்க ஆசைப்பட்டவர்கள். 1853-ல் அவர் வரைந்த படம் ஒன்று தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய ஆற்றங்கரையைக் காட்டுகிறது. ஒரு கொட்டகை, கொழுப்புக் காய்ச்சும் கொப்பரை, வேலை செய்யும் சிலர், ஊரைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஜோசப் ரஸ்ஸல் அகலத் தொப்பியோடு உட்கார்ந்து ஒரு பூர்வகுடி ஆளோடு பேசுகிறார். எல்லாம் அமைதி, எல்லாம் இணக்கம். அந்தக் கரையை நேரில் பார்த்தவர் எவரும் 1853-ல் மிச்சமில்லை. நிலம் எப்படிக் கை மாறியது என்று படத்தில் யாரும் கேட்கவில்லை. ஆனால் 1807-ன் ஊர் நாற்சந்தியை அவர் வரைந்தபோது நிலைமை வேறு. அந்த வருடத்தை நினைவில் வைத்திருந்த கிழவர்கள் இருந்தார்கள். அதனால் எந்தக் கடை எங்கே, குதிரை வண்டியில் போகும் வணிகர் வில்லியம் ராட்ச் எப்படி உட்கார்ந்திருப்பார் என்பது வரை படம் பிடிவாதமாக இருக்கிறது. ஒரே ஓவியர்தான். வாங்கியவர்களின் ஞாபகம் எட்டிய இடம் கூர்மை, எட்டாத இடம் பஜனை.

யாரை வரையவில்லை என்பதையும் இதே அளவுகோல் காட்டிக்கொடுக்கும். வேட்டைக் கப்பல்களில் கறுப்பினத்தவர், வாம்பனோவாக் பூர்வகுடியினர், அசோர்ஸ் தீவு, கேப் வெர்டே, பசிபிக் தீவு ஆள்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். கப்பல் உருவப்படங்களில் இவர்கள் பாய்க்கு அடியில் நிற்கும் நாலைந்து கறுப்புப் புள்ளிகள். அடிமைத்தளையிலிருந்து தப்பி 1838-ல் இந்த ஊருக்கு வந்த ஃபிரெடரிக் டக்ளஸுக்குக் கப்பல் பலகை இடுக்கில் நார் அடைக்கும் தொழில் தெரியும். அந்த வேலைக்கு நாளுக்கு இரண்டு டாலர் கிடைத்திருக்கும். அவர் வந்தால் நாங்கள் வேலையை விட்டு எழுந்துவிடுவோம் என்று வெள்ளைத் தொழிலாளிகள் சொன்னதால், கிடைத்த கூலி வேலையை ஒரு டாலருக்குச் செய்தார். ஊருக்கு வந்த சில நாளில் அவருக்குக் கிடைத்த வேலைகளில் ஒன்று, ஒரு படகில் எண்ணெய் ஏற்றியது. 1848-ல், திமிங்கிலத்தின் உடம்பில் நுழைந்ததும் குறுக்கே திரும்பிக் கொக்கியாக நின்றுகொள்ளும் ஈட்டிமுனையைச் செய்து தொழிலையே மாற்றிய லூயிஸ் டெம்பிள் கறுப்பினக் கொல்லர். இந்த ஈட்டிமுனையைப் படங்களில் பார்க்கலாம். அதை அடித்த பட்டறையைப் பார்க்க முடியாது. பட்டறையை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

வில்லியம் பிராட்ஃபோர்ட் கதையில் வாங்குபவர்கள் ஊரை விட்டே வெளியே போகிறார்கள். 1823-ல் ஃபேர்ஹேவனில் பிறந்தவர், துணிக்கடை வைத்து நொடித்தவர். ஆரம்பத்தில் அவரும் கப்பல் உருவப்படக்காரர்தான். 1854-ல் அவர் வரைந்த துறைமுகக் காட்சியில் ஒவ்வொரு கப்பலும் அடையாளம் சொல்லும்படி நிற்கிறது. அந்தச் சமயத்தில் ஆல்பர்ட் வான் பேஸ்ட் என்ற டச்சு ஓவியரோடு ஒரே கூடத்தில் வேலை செய்தார். சில படங்களில் இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கப்பல் பிராட்ஃபோர்டின் கை, கொந்தளிக்கும் கடல் வான் பேஸ்ட்டின் கை என்று பொதுவாகச் சொல்வார்கள். உள்ளூர்க்காரருக்குக் கயிறு தெரியும், வெளியூர்க்காரருக்குக் கடலை எப்படி நாடகமாக்குவது என்று தெரியும். 1861-லிருந்து பிராட்ஃபோர்ட் வடக்கே லாப்ரடார் போகத் தொடங்கினார். 1869-ல் 'பேந்தர்' என்ற நீராவிக் கப்பலில் இரண்டு போட்டோக்காரர்களைக் கூட்டிக்கொண்டு கிரீன்லாந்து போனார். போட்டோக்களை வைத்துக்கொண்டு நியூயார்க், லண்டன் கூடங்களுக்காக மாபெரும் பனிப்பாறைகளைத் தீட்டினார். விக்டோரியா அரசியும் ஒன்று வாங்கினார். இந்தப் படங்களில் கப்பல் சிறுத்துவிட்டது, பனி வளர்ந்துவிட்டது. புதுப் பணக்காரர்களுக்குப் பிரமிப்பு வேண்டியிருந்தது, பீப்பாய்க் கணக்கு வேண்டியிருக்கவில்லை. எனக்கென்னவோ அவரது பழைய துறைமுகப் படங்களே பிடிக்கும்.

தொழில் இதற்குள் சரியத் தொடங்கியிருந்தது. 1859-ல் பென்சில்வேனியாவில் பூமியிலிருந்து எண்ணெய் எடுத்தார்கள். 1861-ல், உள்நாட்டுப் போரில் சார்ல்ஸ்டன் துறைமுகத்தை அடைக்க, பழைய வேட்டைக் கப்பல்களை விலைக்கு வாங்கிக் கல் நிரப்பி மூழ்கடித்தது வடக்கு அரசு. 1865-ல் தெற்கின் 'ஷெனன்டோவா' போர்க்கப்பல் பெரிங் கடலில் வேட்டைக் கப்பல்களைக் கொளுத்தியது. எல்லாவற்றுக்கும் மேல் 1871. அலாஸ்காவின் வடகரையில் பனி நெருக்கி 33 கப்பல்கள் சிக்கிக்கொண்டன. செப்டம்பரில் கேப்டன்கள் கூடி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கப்பல்களைக் கைவிட்டார்கள். பெண்கள் குழந்தைகள் உட்பட 1,219 பேர் வேட்டைப் படகுகளில் ஏறி, தெற்கே பனிக்கு வெளியே காத்திருந்த ஏழு கப்பல்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை. நியூ பெட்ஃபோர்டுக்கு மட்டும் 22 கப்பல் நஷ்டம்.

அந்தச் சம்பவத்தை ஐந்து கல் அச்சுப் படங்களாக வெளியிட்டவர் அதே பெஞ்சமின் ரஸ்ஸல். அப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது, அவர் அங்கே போகவில்லை. ஆனால் தப்பி வந்தவர்கள் ஊரில் இருந்தார்கள். எந்தக் கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்து நின்றது, கரைக்கும் பனிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருந்தது என்று சொல்லவும், தப்பென்றால் சண்டை போடவும் ஆள் இருந்தது. படங்களில் பரிதாபமே இல்லை. வரிசையாகக் கப்பல்கள், அவற்றுக்கு நடுவே படகுகள். நிலப்படம் மாதிரி இருக்கும். கப்பலை இழந்த முதலாளிக்கு அதுதான் தேவை: என் கப்பல் எங்கே நின்றது?

இந்த ஊரில் 1847-ல் பிறந்த ஆல்பர்ட் பிங்கம் ரைடர் இவர்கள் யாரோடும் சேராதவர். நியூயார்க்குக்குப் போய்விட்டார். அவர் கடல் படங்களில் நிலவும் மேகமும் ஒரு இருண்ட படகும் இருக்கும், கயிறு ஒன்றுகூட இருக்காது. எந்த வகைப் படகு என்று எந்தக் கேப்டனாலும் சொல்ல முடியாது. பின்னால் வந்த நவீன ஓவியர்கள் இவரைத்தான் கொண்டாடினார்கள். வண்ணம் காய்வதற்குள் மேலே மேலே வார்னிஷ் பூசியதால் அவர் படங்கள் வெடித்துக் கறுத்துப் போய்க்கொண்டிருக்கின்றன என்பது வேறு கதை.

கடைசியாக ஒருவர். கிளிஃபர்ட் ஆஷ்லி, 1881-ல் இங்கே பிறந்தவர், ஹோவர்ட் பைல் என்ற புகழ்பெற்ற பத்திரிகை ஓவியரிடம் படித்தவர். 1904-ல் 'சன்பீம்' என்ற வேட்டைக் கப்பலில் சில வாரம் போய்வந்தார். கறுப்பினத்தவரும் கேப் வெர்டேக்காரர்களும் நிறைந்த அந்தத் தளத்தில் எடுத்த போட்டோக்களிலும் தீட்டிய படங்களிலும்தான் வேலை செய்கிறவர்களுக்கு முகம் வருகிறது. பழைய முதலாளிகள் போய்விட்டார்கள், அவர் வேலை பத்திரிகைக்கு. படிக்கிறவர்களுக்குக் கப்பலைவிட ஆள்கள் மேல்தான் ஆர்வம். தப்பைச் சுட்டிக்காட்டும் கேப்டன்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்ததால், சரிபார்க்கும் வேலையையும் ஆஷ்லியே ஏற்றுக்கொண்டார். கருவி, கயிறு, முடிச்சு எல்லாவற்றையும் குறித்து வைத்தார். 1944-ல் வெளிவந்த அவரது முடிச்சுப் புத்தகத்தை இன்றும் உலகமெங்கும் கப்பல்காரர்கள் புரட்டுகிறார்கள்.

அவர் காலத்திலேயே, 1916-ல், அருங்காட்சியகத்துக்குள் 'லகோடா' என்ற வேட்டைக் கப்பலைப் பாதி அளவில் கட்டி நிறுத்தினார்கள். நிஜக் கப்பல் அதன் முதலாளி ஜொனாதன் போர்னுக்கு நல்ல லாபம் கொடுத்தது, மகள் அப்பா நினைவாகச் செலவை ஏற்றார். ரஷ்ய ஏரி 'லடோகா'வின் பெயரை வைக்கப் போய் எழுத்து மாறிவிட்டது, அப்படியே விட்டுவிட்டார்களாம். 89 அடி நீளம். பழைய கப்பல் தச்சர்கள் உயிரோடு இருந்தபோதே கட்டியது. இடப்புறத்துப் படகுகளும் செங்கல் அடுப்பும் கொப்பரைகளும் அதன்மேல் உண்டு, பார்வையாளர்கள் ஏறிப் போகலாம். சுவரில் இருக்கும் படத்தில் ஒரு கயிற்றின் மேல் சந்தேகம் வந்தால், அங்கே ஏறிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.